மூன்றாவது மஞ்சள் சட்டை

மகள் அனித்தா,

நீ அனுப்பிய பார்சல் போன செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து சேர்ந்தது. உன் வீட்டிலிருந்து என் தையல் கடைக்கு எஸ்-பாண் ரயிலில் ஏறினால் கால் மணி நேரம். அந்தத் தூரத்துக்கு நீ தபாலில் அனுப்பியிருக்கிறாய் என்றதும், உள்ளே இருப்பது நல்ல விஷயம் இல்லை என்று பிரிக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. பிரித்தால் மஞ்சள் சட்டை. உங்கள் பாட்டுக் குழுவுக்கு நான் தைத்த மூன்று சட்டைகளில் ஒன்று, நிரோஷாவுடையது. கூடவே ஒரு சின்னத் துண்டு. இடுப்பைப் பிடிக்க வேண்டும், நீளத்தை இறக்க வேண்டும், அடுத்த சனிக்கிழமைக் கச்சேரிக்கு முன் வேண்டும், நன்றி அம்மா, நீங்கள் தங்கம். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம். யாருக்குப் பிடிக்க வேண்டும், யாருக்கு இறக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. நிரோஷா ஒரே இரவில் வளர்ந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் போல.

வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நீ ஓர் இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். மழையென்றும் பனியென்றும் பாராமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது வீணாகக் கூடாது. எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை வாசி. உறையை ஒட்டாமல்தான் வைக்கிறேன். யார் எடுத்து வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இதைக் கொடுக்க வேண்டாம், ஆறுதலாகப் போனில் கதை என்று உன் அப்பா என் பின்னாலேயே திரிகிறார். அவர் அப்படித்தான். இந்த வீட்டில் இனிமையாகக் கதைக்கிற ஆள் அவர். நீ அதை அவரிடமிருந்து பழகினாய் என்று நானும் இவ்வளவு காலம் பெருமைப்பட்டேன். இப்படியான கடிதங்களில் தாய் தகப்பன் தங்கள் பிழைகளைச் சொல்லி அழுவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அழப் போவதில்லை. என்னிடம் பிழை இல்லை என்றில்லை. அதைக் கதைக்க இது நாள் இல்லை. இன்றைக்கு உன் முறை.

நிரோஷா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பாய். சொல்லத்தான் வேண்டும், நீ மறந்துவிட்டாய். எங்களுக்கு மேல் மாடியில் இருந்த பிள்ளை. அவளின் தாய் பின்னேரங்களில் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவாள். பள்ளி விட்டதும் நிரோஷா எங்கள் வீட்டுக்கு வருவாள், உன்னோடு சாப்பிடுவாள், உன்னோடு சண்டை பிடிப்பாள், உன் கட்டிலிலேயே நித்திரையாகிப் போவாள். கோயிலில் நீங்கள் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு ஒரே துணியை வெட்டி உங்கள் இருவருக்கும் வெள்ளைச் சட்டை தைத்தேன். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது எங்கள் ஆட்கள் செய்வதுபோல, பக்கத் தையலிலும் கீழ் மடிப்பிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைத்தேன். அடுத்த பெருநாளுக்கு அதைப் பிரித்து இளக்கி விட்டேன், அதற்கு அடுத்ததுக்கும் இளக்கினேன். இங்கே கடையில் வாங்குகிற உடுப்பைப் பிரித்துப் பார், உள்ளே ஒரு விரல் அளவு துணி இராது. போட்டவரின் உடம்பு சாகும்வரை அப்படியே இருக்கும் என்ற எண்ணத்தில் தைத்திருப்பார்கள். என் கடைக்கு வருகிற பெண்கள், ஏன் உள்ளே இவ்வளவு துணியை வீணாக்குகிறாய் என்று கேட்பார்கள். ஆளுக்கு என்னவும் நடக்கலாம் என்று சொல்வேன். சிரிப்பார்கள்.

நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளிப் பாட்டுக் குழுவில் உங்கள் இருவரையும் சேர்த்தார்கள். ஒரு நாள் நீ துள்ளிக்கொண்டு வந்தாய். கையில் ஒரு இரும்பு முக்கோணம், அதைத் தட்ட ஒரு குச்சி. பாட்டுப் படிப்பித்த ரீச்சர் உனக்கென்று விசேஷமாகத் தந்தாவாம். அந்த ரீச்சருக்கு எப்படிப்பட்ட குரல் என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது; பெற்றோர் கூட்டத்தில் அவ கதைத்தால் கேட்பவருக்கு நித்திரை வரும், அவ்வளவு மென்மை. நான் உன்னிடம், அப்ப நீ பாடுறேல்லையோ என்று கேட்டேன்.

"இல்லை அம்மா, எனக்கு இதுதான். இது ஒராளுக்கு மட்டும்தான் குடுப்பினம்."

"பிள்ளை, உன்னைப் பாட வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறா. உனக்குச் சுருதி சேரேல்லை. அதை முகத்துக்கு நேர சொல்ல அவவுக்கு வாய் வரேல்லை."

நீ முக்கோணத்தை நிலத்தில் எறிந்துவிட்டு அழுதாய். உன் அப்பா என்னைப் பார்த்து, நீயெல்லாம் ஒரு தாயோ என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அடுத்த நாள் பின்னேரம் நிரோஷா உன்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். நீ தனியாகப் பாடினால் தடம் மாறுவாய். அவள் பக்கத்தில் நின்று கீழ்க் குரலில் பாடினால் உன் குரல் அதில் ஏறி நேராக நிற்கும். இதை அந்தச் சின்ன வயதில் அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். இன்றைக்கு உன்னுடைய மேல் குரலை எல்லோரும் புகழ்கிறார்கள். அது என் குசினியில், அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து எழும்பி நின்ற குரல். அவள் முன்வரிசையில் பாட வேண்டியவள். உனக்காகக் கீழ்க் குரலிலேயே நின்றுவிட்டாள்.

அந்தப் பழைய பாட்டுகளை உங்கள் காதில் போட்டது நான்தான், அதை மறைக்கவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு சலவைக் கடையின் நிலக்கீழ் அறையில் எனக்குத் தையல் வேலை. வெளியே ஹம்பேர்க் மழை, உள்ளே நீராவி. முதலாளி அம்மா தான் குமரியாக இருந்த காலத்துப் பாட்டுகளைப் போடுகிற ஒரு வானொலியை நாள் முழுக்கத் திறந்துவைத்திருப்பா. மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். ஒருத்தியும் கத்த மாட்டாள், ஒருத்தியும் மற்றவளை முந்த மாட்டாள். ஒரு கிட்டார், கையில் தட்டுகிற சலங்கை வளையம், பின்னால் எங்கேயோ ஒரு ட்ரம்பெட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சைக்கிள், எலுமிச்சைச் சாறு, கடலுக்குப் போகிற ரயில், அவ்வளவுதான் பாட்டின் விஷயம். சொல் முடிந்த இடத்தில் ‘பா பா பா’ என்று தொடங்குவார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. காதலன் விட்டுப் போனதைக்கூட, மழை வருகிறது குடையை எடு என்கிற மாதிரிச் சொல்லுவார்கள். கேட்டுக்கொண்டே தைத்தால் வெயிலில் கால் நீட்டி இருந்த மாதிரி இருக்கும். அந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் எனக்கு அந்த மாரிகளில் விசர் பிடித்திருக்கும். உண்மையாகச் சொல்கிறேன், நான் அந்தப் பெண்களை நேசித்தேன். அவர்களின் முகத்தை நான் கண்டதில்லை. குண்டோ மெலிவோ, சிரித்துக்கொண்டு பாடினார்களோ அழுதுகொண்டு பாடினார்களோ, யாருக்குத் தெரியும்? பிறகு சொந்தக் கடை திறந்து, நீங்கள் இருவரும் மேசைக்குக் கீழே இருந்து படம் வரைகிற வயதில், நானும் அதே பாட்டுகளைப் போட்டேன். அப்படித்தான் உங்களுக்கு அது தொற்றியது.

படிப்பு முடித்து, வேலை எடுத்து, உன்னோடு படித்த லேனாவையும் சேர்த்துக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாட்டுகளைப் பாடப் போகிறோம் என்று நீங்கள் வந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோசத்தை நான் காட்டவில்லை. துணி வாங்கி வாருங்கோ என்று மட்டும் சொன்னேன். பழைய இசைத்தட்டு உறைகளில் இருக்கிற மாதிரி வெள்ளைக் கழுத்து வைத்த மஞ்சள் சட்டை மூன்று. முதியோர் இல்லத்தில் முதல் முறை பாடினீர்கள். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்களின் கால்கள் தாளம் போட்டன. உன் குரல் மேலே, லேனா நடுவில், நிரோஷா கீழே. கேட்கிறவர்கள் உன்னைத்தான் பார்த்தார்கள். நான் மூன்று பேரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கிறீர்களா என்று பார்த்தேன். எடுத்தீர்கள். அந்தப் பாட்டின் மென்மை அந்த மூச்சில்தான் இருக்கிறது. ஒவ்வொருத்தியும் மற்றவளுக்காகக் கொஞ்சம் அடங்க வேண்டும், ஒருத்தி கூடுதலாகப் பாடினாலும் வெயில் போய்விடும். நீ சட்டையையும் சிரிப்பையும் எடுத்துக்கொண்டாய், அந்த அடக்கத்தை விட்டுவிட்டாய்.

மாரி முடிகிற நேரம் ஒரு காலை நிரோஷா கோப்பி குடிக்க, அது வாயின் வலப் பக்கத்தால் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் அந்தப் பாதி விழுந்து கிடந்தது. ஒரு நரம்புதான், பெரும்பாலும் திரும்பி வரும், எப்போது என்று சொல்ல ஏலாது என்றார்கள் டொக்டர்மார். உங்கள் பாட்டுகளில் பாதி ‘பா பா பா’. அதற்கு இரண்டு உதடும் வேண்டும். அவளுக்கு ஒரு பக்க உதடு சேரவில்லை, காற்று போனது. வியாழக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி முடிந்ததும் நேரே என் கடைக்கு வருவாள். சட்டை போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் கண்ணாடி முன் நின்று, வலப் பக்க உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு, பா, பா, பா. வாடிக்கையாளர் வந்தால் நிறுத்துவாள், போனதும் தொடங்குவாள். கோடை தொடங்க முன்னர் விரல் இல்லாமலே பாடினாள். குரல் முழுதாகத் திரும்பிவிட்டது, அதே கீழ்க் குரல், ஒரு குறையும் இல்லை. சிரிப்பு மட்டும் இன்னும் இடப் பக்கத்தில்தான் வருகிறது. வலக் கண் தானாக மூடாது.

நீ பூ வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனாய். கையைப் பிடித்தாய். அவசரப்படாதே, ஓய்வெடு, உன் இடம் உனக்குத்தான் என்று சொன்னாய். இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்; நீ எவ்வளவு நல்லவள் என்று காட்ட அந்தப் பிள்ளை ஒரு பின்னேரம் முழுக்க எனக்குக் கதை சொன்னாள். படிவரை வந்து உன்னை அனுப்பிவைத்தாளாம், நன்றியும் சொன்னாளாம். பார்சல் வந்த அன்று நான் லேனாவுக்குப் போன் எடுத்தேன். அவள் போனில் அழுதாள். கச்சேரி மண்டபக்காரர் நிரோஷாவும் நிற்கிற உங்கள் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிப் பாட்டுக்கு மூன்று பேரும் சிரிக்க வேண்டுமே என்றாராம். நீ ஓம் என்றாயாம். நீ பூவோடு போனது அதற்கு அடுத்த நாள். நிரோஷாவின் இடத்துக்கு எடுத்த புதுப் பிள்ளையோடு ஒத்திகை அப்போதே தொடங்கியாகிவிட்டது.

இனி போன வியாழக்கிழமையைச் சொல்கிறேன். கீழ் மடிப்பைப் பிரித்து நீளத்தை இறக்கி, இடுப்பில் குண்டூசி குத்தி, சட்டை மேசையில் கிடந்தது. அது நிரோஷா வருகிற நாள் என்பது எனக்கு நினைவில் இல்லாமல் போய்விட்டது. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மஞ்சளைக் கண்டாள்.

"அன்ரி, இது என்ர சட்டையெல்லே? இடுப்புப் பிடிக்கிறீங்களோ?" குண்டூசிகளைத் தொட்டுப் பார்த்தாள். "வருத்தத்தில நான் மெலிஞ்சிட்டன் எண்டு அனித்தா கவனிச்சிருக்கிறாள் பாருங்கோ. நான் அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

நான் வாயைத் திறக்க முன்னரே சட்டையைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள். போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்பக்கம் பொருந்தவில்லை, இடுப்பு ஏறவில்லை, கீழே முழங்காலைத் தாண்டித் தொங்கியது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தாள். அளவு பிழைச்சுப் போச்சு அன்ரி என்றாள்.

ஓம் பிள்ளை, என்ர கண் இப்ப சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கின் நுனிவரை வந்தது. உன் அப்பா அதைத்தான் சொல்லியிருப்பார். நீ இன்னும் வடிவாகச் சொல்லியிருப்பாய்.

"அளவு பிழைக்கேல்லை, பிள்ளை. அது உனக்கில்லை. வேற ஒராளுக்கு. சனிக்கிழமை உன்ர இடத்தில அவள்தான் பாடப் போறாள்."

"அனித்தா சொல்லச் சொன்னவளோ?"

"இல்லை. நான் சொல்லுறன்."

அவளின் வலக் கண்ணில் எந்த நேரமும் தண்ணீர் வழியும், அது அந்த நரம்பு வருத்தத்தால். அதனால் நான் இடக் கண்ணைப் பார்த்தேன். அதிலும் வந்தது. பிறகு திரைக்குப் பின்னால் போய்க் கழற்றினாள். கழற்றும்போது குண்டூசி ஒன்று இடுப்பில் கீறியிருக்க வேண்டும், உள் துணியில் ஒரு பொட்டு இரத்தம் இருந்தது. அவள் அதைக் காணவில்லை. சட்டையை நாலாக மடித்து என் கையில் தந்தாள்.

"நல்லாத் தையுங்கோ அன்ரி. மேடையில ஒரு சட்டை பிசகினா மூண்டு பேருக்கும்தான் வெக்கம்."

உன்னை அவள் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் உனக்கு நல்லது.

எனக்கு வாய் கூடாது என்று ஹம்பேர்க்கில் உள்ள தமிழ்ச் சனத்துக்கெல்லாம் தெரியும். பூசை முடிந்து வெளியே வந்தால் என்னைக் கண்டு மறுபக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். பரவாயில்லை. என்னிடம் ஏச்சு வாங்கியவருக்குத் தான் ஏச்சு வாங்கியது தெரியும். திருப்பி ஏசலாம், கதவை அடித்துச் சாத்தலாம், பத்து வருடம் கதைக்காமல் விடலாம். நீ தள்ளிவிட்டவளுக்கு விழுந்ததே தெரியவில்லை. மண்டபக்காரர் அப்படிக் கேட்டால் பிள்ளை என்ன செய்யும், கச்சேரியே இல்லாமல் போயிருக்கும் என்று உன் அப்பா வாதாடுகிறார். இருக்கலாம். உன்னால் வேறு ஒன்றும் செய்ய ஏலாமல் இருந்திருக்கலாம். அந்த ஏலாமையை அவளிடம் போய், அவளின் முகத்தைப் பார்த்து, அந்த விழுந்த பக்கத்தையும் பார்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அதற்கு உனக்கு நெஞ்சில் துணிவு இல்லை, பூ வாங்க மட்டும் நேரம் இருந்தது. ஆரையும் விலக்குவதென்றால் அவர் காதில் விழுகிற மாதிரி விலக்கு. புருசனோ, சிநேகிதியோ, வேலையாளோ, நாளைக்கு வயது போன நானோ, ஆராக இருந்தாலும். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று இருப்பது அது ஒன்றுதான். அந்த ரீச்சர் உனக்குச் செய்ததை நீ நிரோஷாவுக்குச் செய்திருக்கிறாய். அந்த மனுசி உனக்கு ஒரு முக்கோணமாவது தந்தா.

சட்டை தைத்து முடிந்துவிட்டது. அப்பா கையில் கொடுத்து விடுகிறேன், தபாலில் போடவில்லை. நீ கேட்ட அளவில், ஒரு நூல் பிசகாமல் இருக்கும். புதுப் பிள்ளைக்கு அது வடிவாக நிற்கும். வெளியே மஞ்சள், உள்ளே அந்த இரத்தப் பொட்டு. அதை நான் கழுவவில்லை. இன்னொன்றும் செய்திருக்கிறேன். இடுப்பைப் பிடித்ததும் உள்ளே மிஞ்சிய துணியை மடித்து விடுவதுதான் என் வழக்கம், உனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நீ இந்தச் சட்டையையே அனுப்பினாய். இந்த முறை மிஞ்சியதை வெட்டிவிட்டேன். வெட்டிய துண்டுகள் பையின் அடியில் கிடக்கின்றன, எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. இனி அது நிரோஷாவின் அளவுக்கு இளகாது. பிறகு ஒரு நாள் உனக்கு மனம் மாறி, அம்மா, கொஞ்சம் பிரிச்சு விடுங்கோ என்று வந்து நின்றாலும் பிரிக்க உள்ளே ஒன்றும் இல்லை.

நேற்று நிரோஷா போன் எடுத்தாள். சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாளாம், தனக்கும் எனக்கும். முன் வரிசையாம். ஏன் பிள்ளை முன்னுக்கு, பின்னால் இருந்தால் போதாதோ என்று கேட்டேன்.

"பின்னால இருந்தா கீழ்க் குரல் கேளாது அன்ரி. அவளுக்கு அது சரியா வருதோ எண்டு பாக்க வேணும்."

அதற்கு முன் நீ அவளிடம் போவாய் என்று அப்பா நம்புகிறார். நான் நம்பவில்லை. நாங்கள் நேரத்துக்கே வந்துவிடுவோம். விளக்கு உன் மேல் விழுகிறபோது உனக்கு நேரே கீழே, நான் ஒரு கதிரையில், அவள் பக்கத்துக் கதிரையில். ‘பா பா பா’ வருகிற இடத்தில் அவளின் உதடு தானாக அசையும், அதை அவளால் நிறுத்த ஏலாது. அவளுக்கு இப்போது பாதிச் சிரிப்புத்தான் வரும். நீ முழுதாகச் சிரித்துக்கொண்டு பாடு.

அம்மா